வெளுத்துப் போன வைரம்

அழுகிற பெண்களைப் பார்த்தால் அற்புதசாமிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எதிரில் உட்கார்ந்திருந்த இளவேனில் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்ததுமே, "கீழ போய் டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்?" என்று எழுந்துவிட்டான்.

"உக்காருங்க அற்புதம். அவங்க அழறதுக்கு எடுக்கல" என்றாள் ஜஹானாரா.

உண்மைதான். கைக்குட்டைக்குள் ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் ஒரு காகித மடிப்பு. அதை மேஜை மேல் வைத்த பிறகுதான் இளவேனில் அழ ஆரம்பித்தாள். கைக்குட்டை காலியாக வேண்டாமா?

தில்லைநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது ஜஹானாராவின் துப்பறியும் அலுவலகம். கீழே பல் பிடுங்கும்போது எழும் அலறல் மேலே சுத்தமாகக் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பக்கத்து அறையில் யாரையோ விசாரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வாடகையும் குறைவு.

ஜஹானாரா முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எங்கே கிடங்கு எரிந்தாலும், அது தானாக எரிந்ததா, முதலாளியே கொளுத்தினாரா என்று போய்ப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. நெருப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கம்மி. அவள் உதவியாளன் அற்புதசாமியோ பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் பணிமனையில் உழைத்துச் சாப்பிட்டார்கள். இவன் மட்டும் பேசியே சாப்பிடுகிறான் என்பது குடும்பத்தில் அவனைப் பற்றிய அபிப்பிராயம்.

"சொல்லுங்க இளவேனில். என்ன தொழில் பண்றீங்க?"

"கல் தரகுங்க. பெரியகடை வீதியில ஒரு நகைக்கடையிலேர்ந்து கல்லை வாங்கிட்டுப் போய் வீடு வீடாக் காட்டுவேன். புடிச்சிருந்தா முடிச்சுக் குடுப்பேன். வைரம்னா மட்டும் உடனே யாரும் வாங்க மாட்டாங்க மேடம். கொஞ்ச நாள் வீட்டுல வெச்சு ராசி பாப்பாங்க. சாமி மாடத்துல வெப்பாங்க, தலைகாணிக்கு அடியில வெச்சுப் படுப்பாங்க. நல்லது நடந்தா வாங்குவாங்க. ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா திருப்பிக் குடுத்துடுவாங்க. அதுக்குக் கையெழுத்தெல்லாம் கிடையாது. நம்பிக்கைதான்."

"ஆளை ராசி பாக்காம கட்டி வெச்சுட்டாங்க எனக்கு. கல்லுக்குக் குடுக்குற வாய்ப்பு மனுஷனுக்கு இல்ல" என்றான் அற்புதசாமி.

ஜஹானாரா அவனைப் பார்க்கவில்லை. "இந்தக் கல்லை ராசி பாத்தது யாரு?"

"ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோட்டுல பிச்சமுத்து அண்ணன் வீடு. துறையூர்ல அரிசி மில் வெச்சிருக்காங்க. பொண்ணு வைஷ்ணவிக்குக் கல்யாணம் பேசியிருக்கு. வைர மூக்குத்தி போட்டாத்தான் ஆச்சுன்னு மாப்பிள்ளை வீட்டுல ஒத்தக்கால்ல நிக்கிறாங்களாம். நல்ல கல்லா, வெள்ளை வெளேர்னு ஜொலிக்கிற கல்லாக் குடுத்துட்டு வந்தேன். நேத்து முடிவு கேக்கப் போனா, அண்ணன் மடிப்பைத் தூக்கி எறியாத குறை. 'போலிக் கல்லைக் கொண்டாந்து ஏமாத்தப் பாக்குறியா'ன்னு கேக்குறார். பிரிச்சுப் பாத்தா..."

காகித மடிப்பை அவளே பிரித்தாள். உள்ளே மிளகு அளவில் ஒரு கல். பட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஜொலிப்பு என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. மோரில் விழுந்து எழுந்தது மாதிரி வெளிறிப் போயிருந்தது.

"கடைக்காரர் என்ன சொல்றார்?"

"'நான் குடுத்தது வைரம், இது ஏதோ கண்ணாடிக் கழுதை, என் கல்லு எங்கே'ன்னு கேக்குறார். மிஷின்ல வெச்சுப் பாருங்கன்னேன். நாப்பது வருஷமா கல்லுல இருக்கேன், இதுக்கு மிஷின் வேறயான்னுட்டார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கல்லு வரலைன்னா போலீசுக்குப் போறேன்னு சொல்லிட்டார். அவங்க நான் போலி குடுத்தேன்ங்கறாங்க, இவர் நான் மாத்திட்டேன்ங்கறார். கல்லு மாத்துறவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அப்புறம் எந்த வீட்டு வாசப்படியும் என்னை ஏத்தாது மேடம். எனக்கு வேற தொழிலும் தெரியாது."

கீழே யாரோ அலறினார்கள். இளவேனில் திடுக்கிட்டு, "நான் சொன்னது அத்தனையும் உண்மைங்க" என்றாள்.

"தெரியும்மா. அது கடவாய்ப் பல்" என்று சொல்லிவிட்டு, ஜஹானாரா கல்லைக் கையில் எடுத்தாள். வாயருகில் கொண்டுபோய் ஒரு ஊது ஊதினாள். உற்றுப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"உங்க பையில அமெரிக்கன் டைமண்ட் ஏதாவது இருக்கா இளவேனில்?"

"இருக்குங்க. வைரம் வாங்க முடியாதவங்களுக்குக் காட்டுறதுக்கு எப்பவும் ரெண்டு மூணு வெச்சிருப்பேன்."

"ஒண்ணு குடுங்க. அற்புதம், வாங்க. சர்பத் சாப்பிடலாம்."

*

தெருமுனை சர்பத் கடைக்காரர், ஐஸ் மட்டும் தனியாகக் கொடுக்க முடியாது என்று அடித்துச் சொன்னார். "அப்ப சர்பத்தோட குடுங்க. சர்பத்தை இவர் குடிச்சிடுவார்" என்று அற்புதசாமியைக் காட்டினாள் ஜஹானாரா. துப்பறியும் தொழிலில் தனக்கென்று ஒதுக்கப்பட்ட கடமைகளில் இதுதான் சிறந்தது என்று அவன் நினைத்தான்.

ஐஸ் கட்டி ஒரு தட்டில் வந்தது. ஜஹானாரா முதலில் இளவேனில் கொடுத்த அமெரிக்கன் டைமண்டை விரல் நுனியில் பிடித்து ஐஸ் மேல் அழுத்தினாள். கல் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தது. பிறகு வெளிறிய கல்லை எடுத்து, அதே மாதிரி அழுத்தினாள். அது வெண்ணெயில் இறங்குவது போல ஐஸுக்குள் இறங்கியது.

சர்பத் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கல்லுல மோட்டார் வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க. என் விரல் சூடுதான். வைரம் மாதிரி சூட்டைக் கடத்துற பொருள் உலகத்துல அபூர்வம். செம்பெல்லாம் அதுக்குப் பின்னாடிதான். விரல்ல இருக்குற சூடு அப்படியே கல்லு வழியாப் போய் ஐஸை உருக்குது. அதனாலதான் மேல ஊதினா ஆவி ஒரு நொடிகூட நிக்கல." ஜஹானாரா இளவேனிலிடம் திரும்பினாள். "உங்க கல்லை யாரும் மாத்தலம்மா. நீங்க குடுத்த வைரம் இதுதான்."

இளவேனிலின் முகத்தில் வெளிச்சம் வந்த வேகத்திலேயே அணைந்தது. "அப்ப ஏன் மேடம் இப்படி வெளுத்துப் போச்சு? வைரம் எங்கயாவது வெளுக்குமா? இதைக் கொண்டுபோய் வைரம்னு சொன்னா முதலாளி என்னைப் பைத்தியம்பார். சரி, மிஷின்லயே வெச்சு ஒத்துக்கிட்டார்னு வைங்க, நல்ல கல்லை ஏன்டி கெடுத்தேன்னு கேப்பாரே. அதுக்கு நான் என்ன சொல்றது?"

நியாயமான கேள்வி. அற்புதசாமி மூன்றாவது சர்பத்தை வைத்துவிட்டு யோசித்தான். இதுவரை கல்லைத் தேடினார்கள். கல் கிடைத்துவிட்டது, கூடவே அதற்கு ஒரு வியாதியும். வியாதியைக் கொடுத்தவன் யார் என்று கண்டுபிடித்தால்தான் இந்தப் பெண்ணுக்கு விமோசனம்.

ஜஹானாரா காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். மடிப்பின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"பென்சில்" என்றான் அற்புதசாமி. "அந்த வீட்டுல யாரோ படம் வரையிறாங்க. இன்ஜினீயரிங் படிச்ச ஆளா இருக்கும். வழக்கு முடிஞ்சுது மேடம்."

ஜஹானாரா பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து, கடைக்காரர் கொடுத்த பேப்பர் துண்டில் அழுத்திக் கிறுக்கினாள். "இதைத் தடவிப் பாருங்க."

"வழுவழுன்னு போகுது. விரல் மினுங்குது."

"இப்ப மடிப்புல இருக்குற கறுப்பைத் தடவுங்க."

தடவினான். "நறநறங்குது. மினுங்கவும் இல்ல." அவனுடைய இன்ஜினீயர் அத்தோடு செத்தான்.

"இது அடுப்புக்கரி. கல்லு கரிக்குப் பக்கத்துல போயிட்டு வந்திருக்கு. வண்டியை எடுங்க, ஸ்ரீரங்கம் போவோம்."

*

காவிரிப் பாலத்தின் மேல் வண்டிகள் நின்றுபோயிருந்தன. முன்னால் இளவேனிலின் ஸ்கூட்டர். பின்னால் அற்புதசாமியின் ஸ்கூட்டரில் ஜஹானாரா. கீழே ஆறு என்ற பெயரில் மணல் கிடந்தது. அதன் நடுவில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது.

"மேடம், ஸ்கூல்ல எங்க வாத்தியார் ஒண்ணு சொல்வார். பென்சில் லெட்டு, கரி, வைரம் மூணும் கார்பன், ஒரே சரக்குதான்னு. அப்பவே நான் நம்பல. ஒண்ணு எழுதுது, ஒண்ணு எரியுது, ஒண்ணு என் சம்பளத்தைப் பாத்து சிரிக்குது. எப்படி ஒண்ணா இருக்க முடியும்?"

"சரக்கு ஒண்ணுதான் அற்புதம். ஒண்ணை ஒண்ணு புடிச்சிருக்குற விதம் வேற. அப்பளக் கட்டு பாத்திருக்கீங்களா?"

"தின்னே பாத்திருக்கேன்."

"பென்சில் லெட்டு அதுதான். ஒவ்வொரு அப்பளமும் தனித்தனியா உறுதி. பக்கத்துல இருக்குற மூணு அணுவோட இறுக்கமாக் கை கோத்துக்கிட்டு ஒரே தட்டையா இருக்கும். ஆனா இந்த அப்பளத்துக்கும் அடுத்த அப்பளத்துக்கும் பெருசா ஒட்டுதல் இல்ல. தள்ளினா சரிஞ்சு போகும். அந்தச் சரிவுதான் உங்க விரல்ல வழுவழுன்னு தெரிஞ்சது, காகிதத்துல எழுத்தா விழறதும் அதுதான். கரிங்கறது அதே அப்பளத்தை நொறுக்கிச் சாக்குல கொட்டின மாதிரி. எந்தப் பக்கமும் வரிசை கிடையாது. எப்படிச் சரியும்? நறநறன்னுதான் இருக்கும்."

"வைரம்?"

"வைரத்துல அப்பளமே கிடையாது. மேல, கீழ, பக்கவாட்டுல எல்லாம் ஒவ்வொண்ணும் நாலு பேரோட கையை இறுக்கிப் புடிச்சிருக்கும். சரியறதுக்கு இடமே இல்ல, அதான் அத்தனை கடினம். ஒரு ஓரத்துல ஒருத்தனை உலுக்கினா கடைசி ஆள் வரைக்கும் அந்த உலுக்கல் உடனே போயிடும். உங்க சர்பத் ஐஸை உருக்கினது அந்த உலுக்கல்தான்."

அற்புதசாமி யோசித்தான். "அப்ப என் வீட்டுக்காரிக்குக் கல்யாண நாளுக்கு ஒரு மூட்டை கரி வாங்கிக் குடுத்து, சரக்கு அதேதான்மா, புடிச்சிருக்குற விதத்தை மட்டும் நீ மாத்திக்கோன்னு சொல்லிடலாமா?"

"சொல்லிட்டு, எரியிற கொள்ளிக்கட்டைக்குத் தப்பிச்சு ஓடுங்க" என்றாள் ஜஹானாரா. முன்னால் வண்டிகள் நகர்ந்தன.

*

பிச்சமுத்து வீடு பெரிய வீடு. பிச்சமுத்துவும் பெரிய ஆள்தான். நெற்றி நிறைய விபூதிப் பட்டை போட்டிருந்தார். பக்தியில் அற்புதசாமிக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டை நெற்றியோடு நிற்காமல் வலது புருவத்தையும் மூடிக்கொண்டு இறங்கியிருந்தது. இடது புருவம் காடாக இருந்தது. வலது பக்கம் விபூதிக்கு அடியில் புருவம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

"போலீஸா?" என்றார் பிச்சமுத்து, இளவேனிலை முறைத்துக்கொண்டு.

"இல்லீங்கண்ணே. போலீஸ் சாயங்காலம்தான் வருவாங்க. நாங்க அதுக்கு முந்தி வந்து காப்பி குடிக்கிற கூட்டம்" என்றான் அற்புதசாமி.

காப்பி வந்தது. கொண்டுவந்தவள் அவர் மனைவி மகாலட்சுமி. பட்டுப்புடவையும் கழுத்து நிறைய நகையுமாக இருந்த அந்த அம்மாள் மூக்கில் மட்டும் சின்னதாக ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தாள். பணக்காரர்களின் நாகரிகம் வரவரப் புரிவதில்லை என்று அற்புதசாமி நினைத்துக்கொண்டான்.

"கல்லு வந்ததிலேர்ந்து வீட்டுல எப்படிம்மா?" என்று கேட்டாள் ஜஹானாரா.

"நல்லாத்தாங்க இருந்துச்சு. வையம்பட்டியில எங்க தம்பி வீட்டு மாடு கன்னு போட்டுச்சு. பொண்ணுக்கு ரொம்ப நாளா இருந்த இருமல் நின்னுச்சு."

"மில்லுல மோட்டார் காயில் போச்சு" என்றார் பிச்சமுத்து.

"அது மாசாமாசம் போறதுதானே."

"மூக்குத்தி போடலையாம்மா?" என்றாள் ஜஹானாரா.

மகாலட்சுமி வேப்பங்குச்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பிடி தளர்ந்து கல்லு கழண்டு விழுந்துடுச்சு. கல்லைக் குங்குமச் சிமிழ்ல போட்டு வெச்சிருக்கேன். எங்க பத்தர் திருப்பதி போயிருக்கார், வந்ததும் பதிச்சுக் குடுப்பார். அதுக்குள்ள துவாரம் தூந்துடக் கூடாதுல்ல."

"அதுதாங்க வைரம்" என்றார் பிச்சமுத்து. பேச்சு இளவேனிலுக்குக் குத்தலாக இருந்தது. "எங்க மாமனார் கல்யாணத்துல போட்ட ஒத்தக்கல்லு. அந்தக் காலத்து மனுஷன், சொன்னபடி செஞ்சார். இன்னிக்கும் அது பக்கத்துல எதுவும் நிக்காது."

மகாலட்சுமி சர்க்கரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். காப்பியில் சர்க்கரை போதுமா என்று எல்லோரையும் கேட்டாள். போதும் என்று சொன்ன பிறகும் அற்புதசாமியின் டம்ளரில் ஒரு கரண்டி போட்டாள்.

அப்போது உள்ளறையிலிருந்து வைஷ்ணவியின் குரல் வந்தது. "அம்மா, என் ஹேர் டிரையரை யாரு எடுத்தது? ஆன் பண்ணினா சாம்பலாத் துப்புது. வாயெல்லாம் உருகிப் போயிருக்கு."

பிச்சமுத்து காப்பியை விழுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். ஜஹானாரா டம்ளரை வைத்துவிட்டு, கை கழுவ வேண்டும் என்று கொல்லைப்புறம் போனாள். அற்புதசாமிக்கும் கை கழுவ வேண்டியிருந்தது. அழைக்காமலே பிச்சமுத்துவும் பின்னால் வந்தார்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாம்பிராணி போடுகிற மண் தூபக்கால் கிடந்தது. அது நடுவில் இரண்டாக வெடித்திருந்தது. உள்பக்கம் சூளையில் வெந்த செங்கல் மாதிரி சிவந்து, அடியில் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல். பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட்.

"சாம்பிராணி போடறதுக்கு இத்தனை நெருப்பு வேண்டியதில்லீங்க" என்றாள் ஜஹானாரா. "கரியை மூட்டி, ஹேர் டிரையர் வெச்சு ஊதியிருக்காங்க. கொல்லன் துருத்தி வேலை. ஒரு பொறி பறந்து புருவத்துலயும் பட்டிருக்கு."

பிச்சமுத்துவின் கை தன்னையறியாமல் விபூதிப் பட்டைக்குப் போனது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க வீட்டுல சொல்லிடாதீங்க. வாட்ஸ்அப்புல ஒரு வீடியோ வந்துச்சு. அசல் வைரம்னா நெருப்புல போட்டாலும் அசையாது, போலின்னா பல்லை இளிச்சுடும்னு ஒருத்தன் சொன்னான். வாங்குறதுக்கு முந்தி பாத்துடுவோமேன்னு போட்டேன். பால் மாதிரி வெளுத்துப் போச்சு. அந்தப் பொண்ணு போலியைக் குடுத்திருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அதை அவகிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. எதுக்கு மறைச்சீங்க?"

பிச்சமுத்து நெளிந்தார். அரிசி மில் வைத்திருக்கிற ஆறடி மனிதர் நெளிந்தால் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். "தனியா ஒரு கல்லைப் போட்டா எதை வெச்சுங்க ஒப்பிடறது? அசல்னு தெரிஞ்ச கல்லு ஒண்ணு கூட வேணும்ல? அதான் சிமிழ்லேர்ந்து மகாவோட கல்லையும் எடுத்துச் சேத்துப் போட்டேன். அவங்க அப்பா போட்ட கல்லை நெருப்புல போட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் நான் இந்த வீட்டுல குடியிருக்க முடியாது."

"அந்தக் கல்லு என்ன ஆச்சு?"

"அதுதாங்க வைரம். கொஞ்சம்கூட அசையல. சாம்பலைத் தட்டித் துடைச்சேன், முன்னைக்கு இப்ப ஜொலிக்குது" என்றார் பிச்சமுத்து பெருமையாக.

அற்புதசாமிக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். ஜஹானாரா ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் இருந்தும் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"பிச்சமுத்து சார், வீடியோக்காரன் தப்பாச் சொல்லிட்டான்" என்றாள் ஜஹானாரா மெதுவாக. "வைரம் எரியும். அதுவும் கரிதான், இறுக்கிப் புடிச்சு வெச்ச கரி. எத்தனை இறுக்கமாப் புடிச்சிருந்தாலும், நல்ல சூடும் காத்தும் சேந்து வந்தா மேல இருக்குறவன் ஒவ்வொருத்தனாக் கையை விட்டுட்டுக் காத்தோட போயிடுவான். சாம்பல்கூட மிஞ்சாது. உங்க நெருப்புல மேல்தோல் மட்டும் வெந்திருக்கு, அதான் வெளுப்பு. மறுபடி பட்டை தீட்டினா கல்லு கொஞ்சம் இளைக்கும், ஆனா பழைய ஜொலிப்பு வந்துடும். அது வெளுத்ததே அது வைரம்ங்கறதுக்கு அத்தாட்சி. இளவேனில் உங்களை ஏமாத்தல. அதை மட்டும் உள்ள வந்து சொல்லிடுங்க, போதும்."

அத்தோடு அவள் நகரப் பார்த்தாள். ஆனால் பிச்சமுத்து முட்டாள் இல்லை. நெல்லைக் கையில் அள்ளியதும் எத்தனை அரிசி தேறும் என்று சொல்கிற ஆள்.

"இருங்க. எரிஞ்சது வைரம்னா..." அவர் நிறுத்தினார். "எரியாம நின்னுச்சே, அது என்னங்க?"

பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது.

"சொல்லுங்க."

"அமெரிக்கன் டைமண்டா இருக்கலாம்" என்றாள் ஜஹானாரா. "அது கார்பனே இல்ல. அது ஏற்கெனவே ஒரு உலோகத்தோட ஆக்ஸைடு. எரிஞ்சு முடிஞ்ச சரக்குன்னு வைங்க. சாம்பலை மறுபடி கொளுத்த முடியாதுல்ல, அந்த மாதிரி. எத்தனை நெருப்புல போட்டாலும் அப்படியே நிக்கும்."

பிச்சமுத்துவின் முகம் தூபக்கால் நிறத்துக்கு வந்தது. பயம், ரகசியம், புண்ணியம் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்துக்குள் புயலாக நுழைந்தார்.

"மகா. உங்க அப்பன் என் தலையில மொளகா அரைச்சிருக்கான். மூக்குத்தின்னு போட்டது வைரமே இல்ல, போலி. நானே நெருப்புல போட்டுப் பாத்துட்டேன்."

மறைக்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டதை, மறைக்க வேண்டிய ஆளிடமே, ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டோம் என்று பிச்சமுத்துவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவர் மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார்.

மகாலட்சுமி காப்பி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "நெருப்புலயா?" என்றாள்.

"சும்மா, ஒரு சோதனைக்கு..."

"இளவேனில் கல்லையும் நீங்கதான் போட்டீங்களா?"

பிச்சமுத்து இளவேனிலைப் பார்த்தார். விபூதிக்கு அடியில் வியர்த்துக் கொட்டியது. "ஆமா. அது நல்ல கல்லுதானாம். நான்தான் கெடுத்துட்டேன்."

இளவேனில் இந்தத் தடவை கைக்குட்டையைக் கண்ணுக்கே எடுத்தாள். அற்புதசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது.

"அது இருக்கட்டும்" என்று பிச்சமுத்து மறுபடி தைரியத்தைக் கூட்டிக்கொண்டார். "உங்க அப்பன் பண்ணினதுக்கு என்ன சொல்றே?"

"எனக்குத் தெரியும்" என்றாள் மகாலட்சுமி.

"என்ன தெரியும்?"

"அது அமெரிக்கன் டைமண்டுன்னு. கல்யாணத்தன்னிக்குக் காலையிலயே தெரியும். உங்க அப்பா பந்தல்ல உக்காந்துக்கிட்டு, வைர மூக்குத்தி வந்தாத்தான் தாலி எடுப்போம்னாரே, ஞாபகம் இருக்கா? நீங்களும் பக்கத்துல மாலையும் கழுத்துமா வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்க. எங்க அப்பா அந்த வருஷம் மழை இல்லாம விதைநெல்லையே வித்திருந்தார். எங்க போவார்? திருச்சிக்கு ஓடிவந்து ஒரு கல்லை வாங்கிப் பதிச்சுக்கிட்டு வந்தார். என் மூக்குல போடும்போது, வைரம் வாங்க முடியலம்மான்னு அவர் காதோட சொன்னது எனக்கு இன்னிக்கும் கேக்குது. அன்னிக்கு நான் அழுத அழுகை உங்க யாருக்கும் தெரியாது. உங்க அப்பா பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு, கல்லுன்னா இது கல்லுன்னார்."

பிச்சமுத்து பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அது அப்பட்டமாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த மூக்குத்தியைச் சம்பந்தி விருந்துகளில் எத்தனை பேரிடம் காட்டிப் பெருமை அடித்திருப்பார்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல மகா?"

"நீங்க கேக்கலையே. பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டீங்க, சரி இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்" என்றவள் இளவேனிலிடம் கையை நீட்டினாள். "உங்க முதலாளிக்குப் போன் போட்டுக் குடும்மா."

இளவேனில் போட்டுக் கொடுத்தாள்.

"நான் பிச்சமுத்து வீட்டுலேர்ந்து பேசறேங்க. இளவேனில் கொண்டாந்த கல்லை நாங்களே எடுத்துக்கிட்டோம். ஆமாங்க, வெளுத்த கல்லுதான். வைரம்தாங்க, சந்தேகம்னா மிஷின்ல வெச்சுப் பாத்துக்குங்க. எங்க வீட்டுல கை தவறி நெருப்புல விழுந்துடுச்சு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல, அதை நீங்க அவகிட்ட உங்க வாயால சொல்லணும். பட்டை தீட்டிக் குடுங்க. கூலி எங்களது."

எதிர்முனையில் பேச்சு நிற்பதற்காகக் காத்திருந்துவிட்டு, போனை இளவேனில் காதிலேயே வைத்தாள். இளவேனில் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினாள். "பரவால்லீங்க முதலாளி" என்று மட்டும் சொன்னாள்.

"பட்டை தீட்டி வந்ததும் வைஷ்ணவி மூக்குத்தியிலயே பதிச்சுடலாமாக்கா?" என்று பிறகு கேட்டாள்.

"அது எனக்கு" என்றாள் மகாலட்சுமி. "இவர் எரிச்ச கல்லை இவரே வாங்கி எனக்குப் போடட்டும்."

"அப்ப வைஷ்ணவிக்கு?" என்றார் பிச்சமுத்து ஈனஸ்வரத்தில். "மாப்பிள்ளை வீட்டுல வைரம் கேட்டிருக்காங்களே."

மகாலட்சுமி உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாள். பழைய கல்லை எடுத்து முந்தானையில் துடைத்து, சத்தம் கேட்டு வந்து நின்ற மகளின் உள்ளங்கையில் வைத்தாள். அது கூடமே பளிச்சிடுகிற மாதிரி ஜொலித்தது.

"கேட்டவங்களுக்கு இது போதும்" என்றாள். "சந்தேகப்பட்டு நெருப்புலயே போட்டுப் பாத்தாலும் பயமில்ல. உங்க அப்பா போட்டுப் பாத்துட்டார்."